எய்தவன் மறைந்தான், வில் கொடுத்தவன் இருக்கின்றான்: இணைய அவதூறுக்குப் பொறுப்பாளி யார்?

(சட்டத்தரணிகளும் கட்சித் தொண்டர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் முழு வடிவம்)



“எய்தவன் இருக்க அம்பை நோவானேன்” என்பது நம் முன்னோர் மொழி. அவதூறுச் சட்டத்தின் சாரத்தையே இப்பழமொழி அடக்கி வைத்திருக்கின்றது எனலாம். பழி சொன்னவன் எவனோ அவனே பொறுப்பாளி. ஆனால், எய்தவன் முகத்தை மூடிக்கொண்டு எய்துவிட்டு எங்கோ மறைந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு வில்லைக் கொடுத்தவனோ கடையை விரித்தபடி அதே இடத்தில் இருக்கின்றான். அவனுக்கு வேண்டிய பணமும் உண்டு, முகவரியும் உண்டு. அடிபட்டவன் யாரிடம் போய் நியாயம் கேட்பது? இணையத்தில் எழுதப்படும் அவதூறு பற்றி உலகத்து நீதிமன்றங்கள் 30 ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்து வருவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

இது வறண்ட சட்டப் பொருள் என்று உங்களிற் சிலர் கருதக்கூடும். அவ்வாறன்று. நம் ஊர்களில் மொட்டைக் கடிதமும் மொட்டைப் பெட்டிசமும் எத்தனை குடும்பங்களைக் கலைத்தன, எத்தனை உத்தியோகத்தரை ஊர்விட்டு ஊர் மாற்றின என்பதை நீங்கள் அறிவீர்கள். அன்று மொட்டைக் கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போயிற்று. இன்று அது ஓர் இரவுக்குள் கடல் கடந்து, கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினர் கையிலும் விழுகின்றது. மானம் போனவர் மறுநாட் காலை எழும்போது ஊர் முழுவதும் அறிந்திருக்கும். ஆகையால் இப்பொருளை நாம் ஒவ்வொருவரும் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

பழைய சட்டம் சொல்வது என்ன?

இணையம் புதியது, ஆனால் அது எழுப்பும் கேள்வி பழையது. பிறர் எழுதியதைப் பரப்புகின்றவன் எப்பொழுது குற்றவாளியாகின்றான் என்பதை ஆங்கில நீதிமன்றங்கள் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்தன. மூன்று வழக்குகளை மட்டும் சொல்லுகின்றேன்.

முதலாவது, 1885 இல் தீர்க்கப்பட்டது. பத்திரிகை விற்பவர்கள் மீது வழக்கு வந்தது. அவர்கள் விற்ற பத்திரிகையில் அவதூறு இருந்தது. அப்படி ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்கவேண்டும் என்று கருதவும் காரணமில்லை. ஆகவே அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர் என்று தீர்ப்பாயிற்று. ஒவ்வொரு பிரதியையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் விற்கவேண்டும் என்று சட்டம் சொன்னால், தெருவில் ஒரு பத்திரிகையும் விற்கப்படமாட்டாது.

இரண்டாவது, 1900 இல் தீர்ந்தது. இலண்டனில் நூல்களை இரவல் கொடுத்து வந்த ‘மூடி’ நூல்நிலையம் எதிராளி. ஒரு நூலில் அவதூறு உண்டு, பிரதிகளைத் திருப்பி அனுப்புக என்று வெளியீட்டாளர் அறிவித்தல் கொடுத்திருந்தனர். நூல்நிலையத்தார் அதனைக் கவனியாது அந்நூலைத் தொடர்ந்து இரவல் கொடுத்தனர். நூல்களைப் படித்துப் பார்க்க ஓர் ஆளை வைப்பதிலும் பார்க்க, எப்போதாவது வரும் ஒரு வழக்குக்கு முகங்கொடுப்பது மலிவானது என்று நூல்நிலையத்தின் பணிப்பாளர்களில் ஒருவர் நீதிமன்றத்திலேயே சொன்னார். அவர்கள் பொறுப்பாளிகள் என்று முடிவாயிற்று. நண்பர்களே, அந்த வார்த்தையை மறவாதீர்கள். “வழக்கு மலிவு, காவல் விலையுயர்வு” என்ற அக்கணக்கை இன்றைய பெருங் கம்பனிகளும் போட்டுப் பார்க்கின்றன.

மூன்றாவது, 1937 ஆம் ஆண்டு வழக்கு. ஒரு கோல்ப் விளையாட்டுக் கழகத்தில் இருந்த சூதாட்டப் பொறிகளைப் பற்றி யாரோ பொலிசாருக்குத் தகவல் கொடுத்துவிட்டார்கள். காட்டிக்கொடுத்தவர் இன்னார் என்று குறிப்பாற் சொல்லும் பாட்டொன்றைக் கழகத்தின் சுவரில் யாரோ ஒட்டிவிட்டார்கள். ஒட்டியவர் யார் என்று தெரியாது. கழகத்தின் உரிமையாளர்கள் அதைப் பார்த்தும் கழற்றவில்லை. அந்தப் பாட்டு அவதூறாகாது என்று பெரும்பான்மை நீதியரசர்கள் முடிவு செய்தமையால் வழக்கு தோற்றது. ஆயினும் ஒரு கோட்பாடு அங்கே நிலைபெற்றது. தன் சுவரில் இன்னொருவன் ஒட்டியதைக் கண்டும், அகற்றும் வல்லமை இருந்தும், அதை அப்படியே விட்டவன், அதனை வெளியிட்டவனாகக் கருதப்படலாம் என்பதே அது.

நமது ஊர் வாசிகசாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சுவரில் இரவோடிரவாக ஒரு மொட்டைக் கடிதத்தை ஒட்டிவிட்டுப் போனவனுக்காக வாசிகசாலைத் தலைவரைக் குற்றஞ்சாட்ட முடியாது. ஆனால், காலையில் அதைப் படித்துவிட்டு, பழிக்கப்பட்டவர் வந்து கெஞ்சிய பின்னும் ஒரு கிழமைக்கு அதை அங்கேயே விட்டுவைத்தால், அந்தப் பழியில் தலைவருக்கும் பங்குண்டு. அறியாதவரைக்கும் குற்றமில்லை, அறிந்த பின்னர் பொறுப்புண்டு. இதுவே பழைய சட்டத்தின் நெறி.

கம்பியும் சுவரும் கூவி விற்பவனும்

இந்நெறியை இணையத்துக்கு ஏற்றும்போது முதலிற் செய்யவேண்டியது, அங்கே தொழில் செய்வோரை வகை பிரிப்பது. எல்லாரையும் “இணையக் கம்பனி” என்ற ஒரே பெயரால் அழைப்பதாற் குழப்பமே மிஞ்சும்.

முதல் வகையினர் இணைப்பு மட்டும் கொடுப்பவர்கள். வீட்டுக்கும் கைத்தொலைபேசிக்கும் கம்பியோ அலைவரிசையோ வழங்குகின்றார்கள். இவர்கள் தபாற் கந்தோரைப் போன்றவர்கள். உறைக்குள்ளே இருப்பது திருமண அழைப்பா, வசைக் கடிதமா என்று தபாற்காரனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இரண்டாம் வகையினர் பிறர் எழுதியவற்றைத் தமது கணினிகளில் வைத்திருந்து, கேட்போருக்கெல்லாம் காட்டுகின்றவர்கள். இவர்கள் வாசிகசாலைச் சுவரின் சொந்தக்காரரைப் போன்றவர்கள். மூன்றாம் வகையினர் சுவரை வைத்திருப்பதோடு நில்லாது, எந்தக் கடதாசி பலர் கண்ணிற் படவேண்டும், எது மறைந்து கிடக்கவேண்டும் என்று தாமே ஏற்பாடு செய்து, அதனால் விளம்பரப் பணம் சம்பாதிப்பவர்கள். சந்தியில் நின்று தலைப்பைக் கூவிக் கூவி விற்பவனுக்கு இவர்களை ஒப்பிடலாம்.

இணைப்பு மட்டும் வழங்கியவர் வெளியிட்டவர் ஆகார் என்பதை இங்கிலாந்தில் நீதியரசர் ஈடி 2006 இல், மூன்று பெரிய சேவைக் கம்பனிகள் எதிராளிகளாக இருந்த வழக்கொன்றில் தெளிவாகத் தீர்த்தார். அது சரியான தீர்ப்பு. தபாற்காரன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவேண்டும் என்று கேட்பவன், நாளை தன் கடிதமும் பிரிக்கப்படும் என்பதை மறந்து பேசுகின்றான். ஆகவே நமது ஆராய்ச்சி மற்றை இரு வகையினரைப் பற்றியதே.

அமெரிக்காவில் நேர்ந்த இரு அநியாயங்கள்

இவ்விவாதம் முதலில் முற்றியது அமெரிக்காவில். 1991 இல் ‘கொம்பியூசேவ்’ என்னும் கம்பனி மீது வழக்கு வந்தது. தான் படித்துப் பாராது பரப்பியமையால் அது புத்தகக் கடைக்காரனையும் நூல்நிலையத்தையும் ஒத்தது, அறியாதபோது பொறுப்பில்லை என்று நியூயோர்க் நீதிமன்றம் விடுவித்தது.

நான்கு ஆண்டுகள் கழிய, 1995 இல், ‘புறொடிஜி’ என்ற கம்பனியின் முறை வந்தது. அதற்கு அப்பொழுது 20 இலட்சம் வாடிக்கையாளர்கள். நாளொன்றுக்கு 60,000 செய்திகள் அதன் பலகைகளில் எழுதப்பட்டன. ‘ஸ்ராட்டன் ஓக்மொன்ற்’ என்னும் பங்குத் தரகுக் கம்பனி மோசடி செய்கின்றது என்று பெயர் தெரியாத ஒருவர் அங்கே எழுதினார். தரகுக் கம்பனி 20 கோடி டொலர் கேட்டு வழக்காடியது. புறொடிஜி கம்பனி ஆபாசச் சொற்களை நீக்குவதற்கு ஆட்களையும் பொறியையும் வைத்திருந்தது. அவ்வாறு கண்காணிக்க முன்வந்தமையால் அது பத்திரிகை ஆசிரியரைப் போல முழுப் பொறுப்புடையது என்று நீதிமன்றம் தீர்த்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் தப்பினான்; ஓரளவேனும் கண்ணைத் திறந்து பார்த்தவன் அகப்பட்டான்!

இதிலே இன்னுமோர் உண்மை உண்டு. மானம் போயிற்று என்று அழுத அந்தத் தரகுக் கம்பனி 1996 டிசம்பரில் பங்குத் தரகர்களின் தேசிய சங்கத்தினால் தொழிலிலிருந்து விலக்கப்பட்டது. அதன் ஸ்தாபகர் ஜோர்டன் பெல்போர்ட் 1999 இல் பங்கு மோசடிக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பெயர் தெரியாத அந்த மனிதர் எழுப்பிய மோசடிக் குற்றச்சாட்டு வெறும் வசையன்று என்பதை நாடே பின்னர் கண்டது. அக்கம்பனியின் முறைப்பாட்டுக்கு அஞ்சி அத்தகைய எழுத்தெல்லாம் அழிக்கப்பட்டிருந்தால், ஏமாற்றப்பட்ட முதலீட்டாளரை எச்சரித்த குரல்களும் அவற்றோடு அழிந்திருக்கும்.

அத்தீர்ப்பைக் கண்டு திடுக்கிட்ட அமெரிக்கச் சட்டசபை மறு எல்லைக்கு ஓடியது. 1996 பெப்ரவரியில் இயற்றிய சட்டத்தின் 230 ஆம் பிரிவு, பிறர் எழுதியதற்காக எந்த இணையச் சேவைக் கம்பனியும் அதன் வெளியீட்டாளராகக் கொள்ளப்படலாகாது என்று விதித்தது. அந்தப் பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது.

அதன் பலனை முதலில் அனுபவித்தவர் சியாட்டில் நகரத்தில் வசித்த ஓர் அப்பாவி. 1995 ஏப்ரில் 19 ஆந் திகதி ஒக்லஹோமா நகரத்திற் குண்டு வெடித்து 168 பேர் மாண்டனர். ஆறு நாள் கழித்து, அந்தப் படுகொலையைக் கேலி செய்யும் வாசகங்கள் பொறித்த உடைகள் விற்பனைக்கு உண்டு என்ற விளம்பரமொன்றை, முன்பின் தெரியாத எவனோ ‘அமெரிக்கா ஒன்லைன்’ கம்பனியின் பலகையில் எழுதினான். அதன் கீழே இந்த மனிதரின் தொலைபேசி எண்ணைப் போட்டுவிட்டான். துக்கத்திலும் கோபத்திலும் இருந்த மக்கள் அவரைத் தொலைபேசியிற் கொல்லுவோம் என்று மிரட்டினர். சில நாளில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடித்தது. அவர் தொழில் நடத்தியதும் அதே எண்ணில்; ஆகையால் அதை மாற்றவும் இயலவில்லை. அவர் கம்பனிக்கு அறிவித்தார். ஒன்றை அகற்ற, வேறொன்று முளைத்தது. 1997 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளிவிட்டது. அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் கம்பனிக்குப் பொறுப்பில்லை என்பதே சட்டம் என்றது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு சட்டத்தின் கீழ் மோசடிக்காரன் வழக்கில் வென்றான். மற்றைச் சட்டத்தின் கீழ் அப்பாவி வெறுங்கையோடு திரும்பினான். கம்பனியே முழுப் பொறுப்பு என்பதும் கம்பனிக்குப் பொறுப்பே இல்லை என்பதும் இரண்டும் நீதிக்குப் புறம்பானவை.

இங்கிலாந்தில் ஒரு தொலைநகல்

இங்கிலாந்து நடுவழி ஒன்றை நாடியது. 1997 ஜனவரி 13 ஆந் திகதி, தாய்லாந்தைப் பற்றிய ஓர் இணையக் களத்தில், ஆங்கில விரிவுரையாளர் ஒருவர் தாமே எழுதியது போன்ற இழிவான செய்தியொன்றை, அமெரிக்காவிலிருந்து யாரோ அவர் பெயரில் எழுதிவிட்டார்கள். ‘டீமன்’ என்னும் சேவைக் கம்பனியின் கணினியிலும் அது இருந்தது. 17 ஆந் திகதி அவர் கம்பனிக்குத் தொலைநகல் அனுப்பினார்: இது நான் எழுதியதன்று, பொய், அகற்றுக என்றார். கம்பனி அசையவில்லை. ஏறக்குறைய 27 ஆந் திகதி தானாகவே நீங்கும்வரை அது அங்கேயே கிடந்தது.

1999 மார்ச் 26 ஆந் திகதி நீதியரசர் மோலண்ட் தீர்ப்பளித்தார். 17 ஆந் திகதிக்கு முன்னர் கம்பனிக்குத் தெரியாது. தொலைநகல் கிடைத்த பின்னர் தெரியும். தெரிந்தும் விட்டுவைத்தமையால், 1996 ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் அறியாது பரப்புவோருக்கு அளித்த பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்றார். 1937 இன் கழகச் சுவரே கணினிக்குள்ளும் தோன்றியது. அடுத்த ஆண்டில் கம்பனி 15,000 பவுண் நட்டஈடும், அதனிலும் பன்மடங்கான வழக்குச் செலவும் கொடுத்து இணங்கிக்கொண்டது.

அந்த விரிவுரையாளருக்கு நீதி கிடைத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அத்தீர்ப்பின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அறிவித்தல் வந்தவுடன் கம்பனியின் மனம் எவ்வாறு வேலை செய்யும்? எழுதியவன் கம்பனிக்கு உறவினனும் அல்லன், நண்பனும் அல்லன். அவன் எழுதியது உண்மையா என்று விசாரிக்கக் கம்பனியிடம் சாட்சியும் இல்லை, நேரமும் இல்லை. விட்டுவைத்தால் வழக்கு வரும். அழித்துவிட்டால் ஒரு செலவும் இல்லை. எனவே, கடிதம் வந்தால் அழி என்பதே அதன் விதியாகிவிடும். இங்கிலாந்தின் சட்ட ஆணைக்குழுவே 2002 இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, பொதுநலனுக்கு உரியதும் உண்மையானதுமான எழுத்துக்கூட இவ்வாறு அகற்றப்படும் நிர்ப்பந்தம் உண்டு என்று சுட்டிக்காட்டியது.

யார் அவ்வாறு கடிதம் எழுதுவார்? ஒரு கிராமத்து வீதிக்கு ஒதுக்கிய பணத்தை விழுங்கிய ஒப்பந்தக்காரரைப் பற்றி ஓர் இளைஞன் எழுதுகின்றான் என்று வைப்போம். ஒப்பந்தக்காரர் கொழும்பில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, அழகான ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்புவார். இளைஞனின் எழுத்து மறையும். மறுபுறம், பொய்ப் பழிக்கு ஆளான ஓர் ஏழை ஆசிரியை, தமிழில் ஒரு முறைப்பாடு எழுதி அனுப்புவார். அதைப் படிப்பதற்கே அங்கே ஆள் இராது. அறிவித்தலை மாத்திரம் ஆதாரமாகக் கொள்ளும் சட்டம், சட்டத்தரணி வைக்கக்கூடியவனின் சட்டமாக மாறிவிடும்.

தீர்ப்பவன் யார்?

எனவே கேள்வி மேலும் கூர்மையாகின்றது. ஓர் எழுத்து அவதூறா அன்றா என்பதைத் தீர்ப்பவன் யார்? கம்பனியின் எழுதுவினைஞனா? அரசாங்க உத்தியோகத்தனா? நீதிபதியா?

இந்திய உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 ஆந் திகதி இதற்கு விடை கூறிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை அரசியலமைப்புக்கு முரணென நீக்கிய அதே தீர்ப்பில், 79 ஆம் பிரிவையும் எடுத்து ஆராய்ந்தது. கம்பனி அறிந்திருந்தது என்பதற்கு நீதிமன்றக் கட்டளையோ அரசின் முறையான அறிவித்தலோ இருக்கவேண்டும். கண்டவர் அனுப்பும் கடிதம் போதாது என்றது. இலட்சக்கணக்கில் வரும் வேண்டுகோள்களில் எது நியாயமானது என்று தீர்க்குமாறு கம்பனிகளைக் கேட்பது நடவாத காரியம் என்றும் அது கருதியது.

இங்கிலாந்துப் பாராளுமன்றம் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறொரு வழியைக் கண்டது. முறைப்பாடு கிடைத்ததும் கம்பனி 48 மணித்தியாலத்துள் அதனை எழுதியவருக்கு அனுப்பவேண்டும். எழுதியவருக்கு ஐந்து நாள் தவணை. அவர் பதில் சொல்லாவிட்டால் எழுத்து அகற்றப்படும். “நான் எழுதியதில் உறுதியாக நிற்கின்றேன்” என்று தம் பெயரையும் முகவரியையும் கம்பனிக்குக் கொடுத்தால், எழுத்து நிற்கும். வழக்கு எழுதியவருக்கும் பழிக்கப்பட்டவருக்கும் இடையில் நடக்கும். அவ்வாறு நடந்துகொள்ளும் கம்பனிக்குப் பொறுப்பில்லை. இந்த ஏற்பாட்டின் நேர்மையைக் கவனியுங்கள். முகமூடி அணிந்த எய்தவனை வெளியே வரும்படி அது அழைக்கின்றது. உண்மை பேசுபவன் வருவான். பொய் சொன்னவன் ஓடுவான்.

நமது நாட்டில்

இனி நமது நாட்டுக்கு வருவோம். இங்கே குடியியல் அவதூறு உரோமன் டச்சுச் சட்டத்தின்பாற்பட்டது. பழிக்கும் எண்ணம் என்பதை அச்சட்டம் மூலக்கூறாகக் கொண்டுள்ளது. வேறெவரோ எழுதியதை, ஒன்றும் அறியாது தன் கணினியில் வைத்திருந்த கம்பனிக்குப் பழிக்கும் எண்ணம் எங்கிருந்து வரும்? அறிந்தும் அசையாதிருந்தால் அவ்வெண்ணத்தை ஊகிக்கலாமா? இவை நமது நீதிமன்றங்களில் நாம் எடுத்து வாதிக்கவேண்டிய வினாக்கள். இளஞ் சட்டத்தரணிகள் இவற்றை இப்பொழுதே ஆராயவேண்டும். அவதூறைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகளை 2002 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் நீக்கிற்று. பத்திரிகை ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய காலத்தின் பின்னர் கிடைத்த பெரும் பேறு அது.

கம்பனிகளைத் தட்டிக்கேட்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயம் கேட்கவேண்டும். 2018 பெப்ரவரி மாத இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவுச்சாலையைப் பற்றி, உணவிலே மலடாக்கும் மாத்திரை கலக்கின்றார்கள் என்ற பொய் முகநூலிற் பரவிற்று. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாட்களுள் கண்டி மாவட்டத்தில் திகனையும் அதன் சுற்றுப்புறங்களும் எரிந்தன. முறைப்பாடு செய்தவர்களுக்கு உரிய பதில் கிடைக்கவில்லை; நம் நாட்டு மொழிகளைப் படித்தறியும் ஆட்கள் அக்கம்பனியிற் போதுமான அளவு இருக்கவில்லை. 2020 இல் முகநூல் கம்பனி தனது பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்தது, எரிந்த கடைகளும் இழந்த உயிர்களும் திரும்பி வரவில்லை. காவல் விலையுயர்வு என்ற அந்தப் பழைய கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் இந்த நோய்க்கு அரசு கொடுத்த மருந்தையும் பார்ப்போம். 2018 மார்ச்சில் அரசாங்கம் சேவைக் கம்பனிகளுக்குக் கட்டளையிட்டுச் சமூகத் தளங்கள் பலவற்றைப் பூட்டிற்று. 2019 இலும் 2022 இலும் மீண்டும் பூட்டிற்று. பொய் சொன்னவனையும் பூட்டினார்கள். அதை மறுக்க வந்தவனையும் பூட்டினார்கள். பின்னர் 2024 ஜனவரி 24 ஆந் திகதி, 62 வாக்குகளுக்கு எதிராக 108 வாக்குகளால், நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பல வாசகங்களைத் திருத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் முன்னரே கூறியிருந்தது. நிறைவேறிய வடிவில் அச்சட்டம், அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் சனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்றை அமைக்கின்றது. ஒரு கூற்றுப் பொய் என்று அந்த ஆணைக்குழு கண்டால், 24 மணித்தியாலத்துள் நிறுத்துமாறு அது அறிவித்தல் கொடுக்கலாம். முதலில் தீர்ப்பவர் நீதிபதியல்லர். நியமனம் பெற்ற ஆணையாளர்.

ஆணையாளர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். அரசின் நியமனம் பெற்றவர் அரசைக் குறை கூறும் எழுத்துப் பொய்யா மெய்யா என்று தீர்ப்பது, வேலிக்குப் பயிரின் மேல் அதிகாரம் கொடுப்பதாகும். நிலம் பறிபோனது என்று எழுதுபவனும், காணாமற்போன மகனைப் பற்றி எழுதும் தாயும் எதை நம்பி எழுதுவார்கள்? இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1993 இலேயே ஒரு பெரிய உண்மையைச் சொல்லிற்று. அரச நிறுவனமொன்று தன் மானம் போயிற்று என்று வழக்காட உரிமையற்றது, ஏனெனில் மக்களின் விமர்சனத்துக்கு உட்படுவதே அதன் இயல்பு என்றது. வழக்காடவே உரிமையில்லாத அதிகாரத்துக்கு, வழக்கின்றியே வாயடைக்கும் உரிமை எவ்வாறு பொருந்தும்?

நாம் கேட்பது என்ன?

குறை கூறுவதோடு நின்றுவிடல் எனக்கு உடன்பாடன்று. சட்டம் எவ்வாறு அமையவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

முதலாவது, இணைப்பு மாத்திரம் வழங்குவோருக்கு அதிற் செல்லும் எழுத்தைப் பற்றி எவ்விதப் பொறுப்பும் இருத்தலாகாது. தபாற்காரனைக் காவற்காரனாக்குதல் வேண்டாம்.

இரண்டாவது, எழுத்தை வைத்திருப்போர், முறைப்பாடு கிடைத்ததும் குறித்த தவணைக்குள் அதனை எழுதியவருக்கு அறிவிக்கவேண்டும். முறைப்பாட்டாளர் எச்சொற்கள் பொய், ஏன் பொய் என்பதைச் சத்தியக் கடதாசி மூலம் கூறவேண்டும். எழுதியவர் வாய் திறவாவிட்டால் எழுத்து நீங்கட்டும். அவர் உறுதியாக நின்றால், நீதிமன்றம் தீர்க்கும்வரை எழுத்து நிற்கட்டும். அவருடைய பெயரை நீதிபதியின் கட்டளையின்றி எவருக்கும் வெளியிடலாகாது.

மூன்றாவது, மாவட்ட நீதிமன்றத்தில் இதற்கென விரைவான, செலவு குறைந்த நடைமுறை ஒன்று வேண்டும். வழக்குப் பத்தாண்டு இழுபடுமாயின், ஏழைக்கு நீதிமன்றமும் ஒன்றுதான், இல்லாமையும் ஒன்றுதான். நீதிமன்றம் அகற்று என்று சொன்ன பின்னரும் அகற்றாத கம்பனி, அந்த நொடியிலிருந்து தானே எழுதியது போன்ற பொறுப்பை ஏற்கட்டும்.

நான்காவது, பணம் பெற்றோ தன் பொறியின் கணக்கினாலோ ஓர் எழுத்தைத் தேடித் தேடிப் பிறர் கண்முன் கொண்டுபோய் நிறுத்தும் கம்பனி, “நான் வெறும் சுவர்” என்று சொல்ல உரிமையற்றது. அறிவித்தல் கிடைத்த பின், வழக்கு முடியும்வரை, அந்த எழுத்தைக் கூவி விற்பதை அது நிறுத்தவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் வாணிபம் செய்பவர்கள் தமிழையும் சிங்களத்தையும் படிக்கத்தெரிந்தவர்களை வேலைக்கு வைக்கவேண்டும். நம் மொழியில் இலாபம் எடுப்பவருக்கு நம் மொழியில் முறைப்பாட்டைக் கேட்கும் கடமையும் உண்டு.

ஐந்தாவது, பொய் முறைப்பாடு கொடுத்து உண்மையை மறைக்க முயல்பவன் செலவும் நட்டஈடும் கட்டவேண்டும். உத்தியோகத்தரும் அரசியல்வாதிகளும் தமது பொதுக் கடமை பற்றிய விமர்சனத்தை நீதிபதியின் கட்டளையின்றி அகற்றுவிக்க இயலாதிருக்கவேண்டும். நாங்கள் அரசியல்வாதிகள், இவ்விதி எங்களையும் கட்டுப்படுத்தும். கட்டுப்படுத்தட்டும்!

இந்த ஏற்பாடு தாமதமாகும், அதற்குள் மானம் போய்விடும் என்று சிலர் வாதிப்பார்கள். அவ்வாதத்தில் நியாயமுண்டு. ஐந்து நாளும் பழிக்கப்பட்டவருக்கு ஐந்து யுகம். அதனாலேதான், ஒருவரின் பெயரைத் திருடி எழுதியவற்றையும், முகவரியையும் தொலைபேசி எண்ணையும் போட்டு ஆபத்துக்கு ஆளாக்குபவற்றையும், பெண்களின் அந்தரங்கப் படங்களையும் ஒரே நாளில் அகற்றுதல் வேண்டும் என்கின்றேன். இவற்றில் உண்மை பொய் பற்றிய வழக்கே எழுவதில்லை. சியாட்டில் மனிதருக்கும் அந்த விரிவுரையாளருக்கும் வேண்டியிருந்தது இதுதான். வழக்கு எழக்கூடிய இடத்திலேதான் நீதிபதி வேண்டும்.

இறுதியாகத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தில், கேட்டதைத் திருப்பிச் சொன்னவனும் சொன்னவனே. வந்த செய்தியை வாசித்துப் பாராது நூறு பேருக்கு அனுப்புபவன் நூறு முறை அதை வெளியிடுகின்றான். “எனக்கு வந்ததை அனுப்பினேன்” என்பது நீதிமன்றத்தில் விடையாகாது. நமது எதிரிகளைப் பற்றிய பொய்யேயாயினும் அது பொய்யே. பொய்யைக் கொண்டு வெல்லும் வெற்றி நமக்கு வேண்டாம். உண்மையை எழுதுங்கள், ஆதாரத்தோடு எழுதுங்கள், எழுதியதன் கீழ் உங்கள் பெயரைப் போடுங்கள். அவ்வாறு எழுதுபவனுடைய எழுத்தை ஒரு கம்பனியின் அச்சத்தினாலோ ஓர் ஆணைக்குழுவின் அறிவித்தலினாலோ அழிக்க வருவார்களாயின், அவனுக்காக நீதிமன்றத்தில் எழுந்து நிற்பதற்கு இங்கே கூடியுள்ள சட்டத்தரணிகள் கடமைப்பட்டவர்கள். அந்தக் கடமையை ஏற்கின்றோம் என்று இக்கூட்டத்தில் நாம் தீர்மானித்துப் பிரிவோமாக.